மேனேஜருக்குச் சுட்ட வடை

எனக்கு எழுபத்து நாலு வயது. வளர்த்தது பதினேழு. அதில் நாலு என் வயிற்றில் பிறந்தவை. மற்றதற்கெல்லாம் வால் உண்டு. பிறந்த நாலில் மூத்தவன் ஏழுமலைக்கும் சின்ன வயதில் வால் இருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் என் மருமகள் வசந்தி அதை ஒட்ட நறுக்கிவிட்டாள்.

போன வாரம் பத்திரிகையில் வந்த பம்புசெட் கதையின் நடுவில், "எங்கள் வீட்டில் காக்கை மாத்திரை துப்பும்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனேன். படித்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் பூக்காரி கூட, "அது இன்னா ஆயா காக்கா சமாச்சாரம்?" என்று கேட்டுவிட்டாள். கழுகுக்கே சோறு வைத்த ஊர். பறவை விஷயம் என்றால் விடமாட்டார்கள்.

ஆகவே இந்த வாரம் அது.

டிங்

அன்றைக்கு அமாவாசை. எந்த மாசத்து அமாவாசை என்று கேட்காதீர்கள். மழை விட்டு, கொசு பிடித்த மாசம். வாழையிலைத் துண்டில் சோறு, பருப்பு, ஒரு சொட்டு நெய், ஒரு வடை. பின்பக்கத்து மதிலில் வைத்து "கா, கா" என்று கூப்பிட்டேன். காக்கை வாய் வைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் மற்றவர்கள் இலை முன்னால் உட்காரலாம்.

வருகிற காக்கை யார் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, சோற்றைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்கிற மாதிரி நிற்கும். அவரும் அப்படித்தான் நிற்பார்.

அது சோற்றைக் கொத்தியதும் நான் உள்ளே போய் மற்ற வேலைகளைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து இலையை எடுக்கலாம் என்று வந்தேன். வந்தால், காக்கை மதிலிலிருந்து கீழே குதித்து, தரையில் கிடந்த இன்னொரு வடையைக் கவ்விக்கொண்டு மேலே ஏறியது. அந்த வடை அங்கே எப்படி வந்தது?

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடையைக் காலால் மிதித்துப் பிளந்தது. நடுவிலிருந்து வெள்ளையாக ஒன்றை மூக்கால் எடுத்தது. தலையை இரண்டு பக்கமும் உதறி அதை எறிந்தது. அது தண்ணீர்ப் பக்கெட்டில் பட்டு "டிங்" என்றது.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். அது மேனேஜரின் மாத்திரை. கால்மணி நேரத்துக்கு முன்னால்தான் அதை வடைக்குள் வைத்து, என் கையாலேயே மேனேஜர் வாயில் கொடுத்திருந்தேன்.

மேனேஜர் வேலைக்குச் சேர்ந்தது

மேனேஜர் எங்கள் நாய். பாதி உயர்ந்த சாதி, பாதி நம்ம ஊர்த் தெரு. ஏழுமலை குட்டியானை வண்டி ஓட்டுகிறான். கேளம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டைக் காலி செய்து சாமான் ஏற்றப் போனவன், சாமானை இறக்கிக் கொடுத்துவிட்டு நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவர்கள் வெளிநாடு போகிறார்களாம். அந்த வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே கழுத்துப்பட்டை, சாப்பாட்டுக் கிண்ணம், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை மூன்றையும் கொடுத்தாளாம்.

"எம்மா, நாயி வந்துகீது. சோறு, தண்ணி, மாசம் ஒரு மாத்தர. இல்லாங்காட்டி இதயத்துல புழு வந்துடுமாம்" என்றான் ஏழுமலை.

"வவுத்துலன்னு சொல்லு."

"இதயத்துலம்மா. கொசு கடிச்சி வருதாம்."

"கொசு கடிச்சா யானக்காலு வரும், அது எனுக்குத் தெரியும். இதயத்துல புழு வெக்கிறதுக்கு அது இன்னா கத்திரிக்காயா?"

முதல் நாளே நாய்ப்பயல் வாசல் கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். வேலை செய்கிறவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். லேட்டாக வந்த பால்காரரைப் பார்த்துக் குரைத்தான். வேறு எந்த வேலையும் செய்யவில்லை. அதனால் மேனேஜர் என்று பேர் வைத்தோம்.

பூனை ஒன்றும் இருக்கிறது. அது யாரையும் கேட்காமல் வந்தது. கூரை மேல் நடந்து நடந்து எல்லா வீட்டையும் மேற்பார்வை செய்யும். அதனால் அதற்குக் கலெக்டரம்மா என்று பேர்.

அடுக்குமாடியில் பாக்கெட் தீனி தின்று வளர்ந்த மேனேஜர், எங்கள் வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுபட்ட வாசனையை முதல் முதலாக முகர்ந்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டான். பழைய வாழ்க்கை முழுவதும் அந்த இடத்திலேயே மறந்துபோயிற்று என்று நினைக்கிறேன்.

எடை மெஷின்

மாத்திரை அட்டை தீர்ந்ததும் கேளம்பாக்கத்தில் இருக்கிற நாய் டாக்டரம்மாவிடம் போனோம். பூஞ்சேரி வழியாக, திருப்போரூர் தாண்டி, குட்டியானையில். நானும் மேனேஜரும் முன்னால். ஏழுமலைக்கு இடம் கொஞ்சம் குறைச்சல்.

மாத்திரை எடைக்குத் தகுந்த மாதிரி கொடுப்பார்களாம். மேனேஜரோ எடை மெஷினில் ஏறமாட்டேன் என்று தரையில் படுத்துவிட்டான். என்னைப் பார்த்தாவது ஏறட்டும் என்று முதலில் நான் ஏறி நின்றேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"பாட்டி, இது உங்க வெயிட்."

"தெரியுதும்மா. அவனுக்குத் தைரியம் சொல்லிகினு கீறேன்."

அந்த டாக்டரம்மா தெற்குப் பக்கத்துப் பெண். பொறுமைசாலி. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை தருவேன் என்றாள். புழு ஏற்கெனவே உள்ளே இருந்தால் மாத்திரை கொடுப்பதே ஆபத்தாகிவிடுமாம். பார்த்தாள், இல்லை.

பிறகு விளக்கமாகச் சொன்னாள். புழு இருக்கிற நாயைக் கொசு கடிக்குமாம். கண்ணுக்குத் தெரியாத குட்டிப் புழு கொசுவுக்குள் போய், அது அடுத்த நாயைக் கடிக்கும்போது உள்ளே இறங்குமாம். நாய்க்கு நாய் ஒட்டாது, கொசுதான் தரகர். உள்ளே போன புழு மாசக்கணக்கில் வளர்ந்து, இதயத்திலும் நுரையீரலுக்குப் போகிற குழாயிலும் நீள நீளமாக, கொத்தாகக் கிடக்குமாம்.

"எம்மாம் நீளம்?" என்று கேட்டேன்.

"இடியாப்பம் மாதிரி இருக்கும் பாட்டி."

அன்றோடு எங்கள் வீட்டில் இடியாப்பம் நின்றது. இன்றுவரை ஏழுமலை அதற்காக டாக்டரம்மாவைத் திட்டுகிறான்.

"வந்துட்டா சரி பண்ண முடியாதா?"

"முடியும். ஆனா பல மாசம் ஆகும். ஊசி போடும்போது ரொம்ப வலிக்கும். அவனை ஓட விடாம கட்டியே வைக்கணும். ஓடினா செத்த புழு போய் அடைச்சுக்கிட்டு உயிருக்கே ஆபத்து. பூனைக்கு வந்தா அந்த மருந்தும் கிடையாது. வராம பாத்துக்கறது ஒண்ணுதான் வழி."

எனக்குக் கருப்பன் ஞாபகம் வந்துவிட்டது.

கருப்பன் என் பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது வளர்ந்த நாய். வரப்பில் முயலைத் துரத்துகிறவன், ஒரு வருஷம் திடீரென்று நாலடி ஓடினால் நின்று இரும ஆரம்பித்தான். வயிறு பானை மாதிரி ஊதிக்கொண்டது. மிளகாய் சுற்றிப்போட்டோம், கஷாயம் ஊற்றினோம். ஒரு நாள் காலையில் இருமல் சத்தம் இல்லை. அது புழுவா, வேறு எதுவோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்த இருமல் மட்டும் காதில் இருக்கிறது.

மேனேஜரை அப்படி இரும விடுவதில்லை என்று அந்த மெஷின் பக்கத்திலேயே முடிவு செய்துகொண்டேன்.

கொசுவோடு பட்ட பாடு

கலெக்டரம்மாவுக்கு மாத்திரை வேண்டாம், பிடரியில் சொட்டு விடுகிற மருந்து போதும் என்றாள் டாக்டரம்மா. நாக்கு எட்டாத இடம் அதுதான். நான் வீட்டுக்கு வந்து பழக்கதோஷத்தில் பூனையை மடியில் போட்டு, பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் வைப்பதுபோல் உச்சந்தலையில் வைத்துத் தட்டிவிட்டேன். கலெக்டரம்மா பரண் மேல் ஏறி, சாயங்காலம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. வசந்தி டாக்டரம்மாவிடம் போனில் கேட்டதற்கு, "உச்சியில் இல்ல, பிடரியில். தட்டவும் கூடாது. முதல்ல பாட்டியைக் கை கழுவச் சொல்லுங்க" என்று பதில் வந்தது.

கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்வதும் நல்லது என்றாளே என்று, மேனேஜர் படுக்கிற இடத்தில் கொசுவத்தி வைத்தேன். என்னைப் பார்த்த சந்தோஷத்தில் வாலை ஆட்டி அதிலேயே அடித்துக்கொண்டான். வால் நுனி முடி பொசுங்கி, வீடெல்லாம் கல்யாண வீட்டுக்குத் தலைக்கறி வாட்டின வாசனை. பிறகு பேத்தி திவ்யாவின் பழைய தொட்டில் வலையை எடுத்து அவன்மேல் போர்த்தினேன். அவன் அதோடு எழுந்து கேட்டுக்குப் போய் உட்கார்ந்தான். தெருவில் போனவர்கள் எல்லாரும் நின்று, முக்காடு போட்ட மணப்பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எதிர்வீட்டு சகுந்தலாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னாக்கா, மாப்ள எந்த ஊரு?"

மாத்திரைதான் ஒழுங்கான வழி என்று அதோடு புரிந்துகொண்டேன்.

வடையின் ஓட்டை

"மாசம் ஒரு தடவை, நாள் தவறாம" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். தேதி எல்லாம் எனக்கு நிற்காது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், பஸ் போர்டு பார்ப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். ஆனால் என் வாழ்நாளில் ஒரு அமாவாசையை நான் மறந்தது கிடையாது. அமாவாசைக்கு அமாவாசை கொடுக்கிறேன் என்றேன். டாக்டரம்மாவே, "சூப்பர் ஐடியா பாட்டி" என்றாள்.

அமாவாசையன்று எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. கருவாட்டில் வைத்துக் கொடுக்க முடியாது. அன்றைக்கு இருப்பது உளுந்து வடை. எத்தனையோ வருஷமாக வடை சுட்டும், அதில் ஓட்டை எதற்கு என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. மாத்திரை அதில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. மேலே கொஞ்சம் மாவு பூசி இன்னொரு தரம் எண்ணெயில் காட்டினால் பிரம்மாவுக்கும் தெரியாது. சூட்டில் மருந்து கெட்டுப்போகுமே என்றாள் வசந்தி. சரி என்று, சுட்டு ஆறிய வடையில் வைத்து, பிசைந்த சோற்றால் மூடினேன்.

மேனேஜர் பல்லில் படாமல் உதட்டால் வாங்குவான். வாங்கிக்கொண்டு பின்பக்கம் போவான். சற்று நேரத்தில் வெறும் வாயோடு வந்து வாலாட்டுவான்.

"தின்னானான்னு பாத்தீங்களா அத்த?" என்று வசந்தி கேட்பாள்.

"அவன் இன்னா உங்க சித்தப்பா வூட்டு நாயா, நாலு பேரு புடிச்சி வாயப் பொளக்கறதுக்கு? மரியாதயா தனியாப் போயி தின்னுட்டு வர்றான்."

சகுந்தலாவிடமும் சொன்னேன். பால்காரரிடம் சொன்னேன். டாக்டரம்மாவிடமே சொன்னேன். இப்படி எத்தனையோ அமாவாசை போயிற்று.

தொட்டிச் செடி

இப்போது பக்கெட் "டிங்" என்ற இடத்துக்கு வருகிறேன்.

நான் போட்ட சத்தத்தில் வசந்தி ஓடிவந்தாள். மாத்திரையைக் காட்டினேன். அவள் மதிலுக்குக் கீழே குனிந்து தேட ஆரம்பித்தாள். அங்கே ஒரு குரோட்டன்ஸ் தொட்டி இருக்கிறது. அதன் மண்ணில் ஒரு மாத்திரை. இலைக்கடியில் இன்னொன்று, மழையில் ஊறி சுண்ணாம்பு மாதிரி. கரைந்துபோனது எத்தனையோ.

நான் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏனென்றால் என் வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை உண்டு. தினம் காலையில் நான் கொடுப்பேன். வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, "ஆ" என்று திறந்து காட்டுவார். ஒரு நாள் செடி வாடுகிறதே என்று மண்ணைக் கிளறினால், உள்ளே பாதி மருந்துக் கடை. நாக்குக்கு அடியில் ஒதுக்கி, பல் விளக்குகிற சாக்கில் வந்து துப்பியிருக்கிறார். அப்புறம் நான் தினம் நாக்கைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல வயசு வரை இருந்துதான் போனார்.

அதே தொட்டிதான் இது.

"போயும் புத்தி போவல பாரு" என்றேன் மதிலைப் பார்த்து. காக்கை வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

மேனேஜர் செய்தது இன்னதென்று வசந்திதான் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு அமாவாசையும் நான் முதல் வடையை மதிலில் வைத்துக் கும்பிடுவதை அவன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். கருவாடு இல்லாத வடை அவனுக்கு வேண்டாம். கொண்டுபோய் அதே மதிலுக்குக் கீழே பவ்யமாக வைத்துவிட்டு வந்திருக்கிறான். இந்த வீட்டு வழக்கத்தை என் பிள்ளைகள் ஒருவர்கூட இவ்வளவு ஒழுங்காகக் கற்றுக்கொண்டதில்லை.

வசந்தி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் வைக்கச் சொன்னேன்.

"டாக்டர், மேனேஜரு இத்தினி மாசமா மாத்தர சாப்புடவே இல்ல. அத்த வடையில வெச்சிக் குடுத்தாங்க. அவன் அந்த வடையக் கொண்டுபோயி காக்காவுக்குக் குடுத்துட்டான்."

அந்தப் பக்கம் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எந்தக் காக்காவுக்கு?"

"எங்க மாமனாருக்கு."

டாக்டரம்மா கறாராகச் சொன்னாள். "நாளைக்கே அவனைக் கூட்டிட்டு வாங்க. மழைக்காலம் பூரா மருந்து இல்லாம இருந்திருக்கான்."

முள்

ரத்தம் எடுத்தாள். இல்லை என்று வந்தது. நான் எழுந்து நிற்பதற்குள், "இன்னும் முடியல பாட்டி. புழு குட்டியா இருந்தா இந்த டெஸ்டுல தெரியாது. இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கலாம், ஆனா ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும்" என்றாள்.

அந்த மாசங்கள் எப்படிப் போயின என்று என்னைக் கேளுங்கள். மாத்திரை கொடுப்பது அமாவாசைக்கு மறுநாளுக்கு மாறியது. நெத்திலிக் கருவாட்டில் பொதிந்து ஊட்டி, வாயைப் பிளந்து, "நாக்கத் தூக்கு" என்று சொல்லிப் பார்ப்பேன். மேனேஜர் தூக்கமாட்டான். நானே தூக்குவேன். வீட்டுக்காரருக்குப் பார்த்த பழக்கம், கை தானாகப் போயிற்று.

அவன் தும்மினால் எழுந்திருப்பேன். கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் மூச்சு வாங்குகிறதா என்று அவன் பின்னாலேயே நடந்தேன். அவனுக்கு வாங்கவில்லை, எனக்குத்தான் வாங்கியது.

ஒரு நாள் காலையில் இருமினான். கக், கக் என்று, கழுத்தை நீட்டிக்கொண்டு. கையில் இருந்த சொம்பு விழுந்துவிட்டது. கருப்பன் இருமின மாதிரியே இருந்தது. வசந்தி ஓடிவந்து அவன் வாயைத் திறந்து, விரலை விட்டு, ஒரு நெத்திலி முள்ளை எடுத்துக் காட்டினாள்.

"இந்தாங்க அத்த. புழு."

அவளை அன்றைக்கு அடித்திருப்பேன். சிரிப்பு வந்துவிட்டது.

நாள் வந்ததும் மறுபடியும் கேளம்பாக்கம். மேனேஜர் ஜன்னலில் தலையை நீட்டிக் காற்று வாங்கினான். நான் அவன் காதைப் பிடித்துக்கொண்டே போனேன். டாக்டரம்மா ரத்தத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஏழுமலை போனை நோண்டுகிற மாதிரி நடித்தான். போன் தலைகீழாக இருந்தது.

கதவு திறந்தது. "ஒண்ணும் இல்ல பாட்டி. இதயம் சுத்தமா இருக்கு."

"எனுக்குத் தெரியும்" என்றேன். சொல்லிவிட்டு, பக்கத்தில் எது இருந்ததோ அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரம்மா கீழே பார்த்தாள். "பாட்டி, மறுபடியும் உங்க வெயிட்."

இளைத்துவிட்டேனாம். அவன் இருந்த மாதிரியே இருந்தான்.

போன அமாவாசை

போன அமாவாசைக்கும் வடை சுட்டேன். இலையில் வைத்துக் கூப்பிட்டேன். வந்தது. சோற்றைத் தொடவில்லை. முதலில் வடையைக் காலால் மிதித்துப் பிளந்து, ஓட்டைக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தது. அப்புறம் என்னைப் பார்த்தது.

"ஒண்ணும் வெக்கல. நம்புங்க. சாப்புடுங்க" என்றேன்.

ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து யோசித்துவிட்டுத்தான் சாப்பிட்டது. கீழே மேனேஜர் வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூரை மேலிருந்து கலெக்டரம்மா இரண்டு பேரையும் மேற்பார்வை செய்துகொண்டிருந்தாள்.

போதும் திவ்யா, பேனாவ வெய்யி. இல்ல, இரு. முதல் வரியில வளத்தது பதினேழுன்னு போட்டியே, அத்த பதினெட்டுன்னு மாத்து. நாக்கத் தூக்கிப் பாத்து வளத்தவரு ஒருத்தர விட்டுட்டேன். மாத்திட்டியா? சரி, இப்ப முதல்லேர்ந்து படி. கொஞ்சம் சத்தமா படி கண்ணு, மதில்ல உக்காந்துகினு கேட்டுகினு கீறாரு.